நாற்பத்தொன்பதில் நின்ற பெட்டி

1. தமிழில் வந்த அழைப்பு

வரவேற்பு மேசையில் இருந்த மலாய்ப் பெண் அந்த அழைப்பை எனக்குத் திருப்பிவிட்டதற்கு ஒரே காரணம், எதிர்முனையில் இருந்தவர் தமிழில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான். கூலிமில் இருந்த எங்கள் சின்ன டிசைன் நிறுவனத்தில், வாடிக்கையாளரின் புகார் டிசைன் எஞ்சினியரின் காதுக்கு நேராக வந்து சேராது. சேல்ஸ், சர்வீஸ், குவாலிட்டி என்று மூன்று கதவுகளைத் தாண்டி, கோபமெல்லாம் வடிகட்டப்பட்டு, இரண்டு வரி மின்னஞ்சலாகத்தான் வரும். அன்றைக்குக் கோபம் முழுசாக வந்தது.

"ஹலோ, மஞ்சப் பெட்டி செய்ற கம்பெனிங்களா?"

"ஆமாம்மா. நான் தவமணி, எஞ்சினியர். சொல்லுங்க."

"உங்க பெட்டி பொய் சொல்லுதுங்க மேடம். பொய் சொல்லி எனக்கு வார்னிங் லெட்டர் வாங்கிக் குடுத்துருச்சு."

பேசியவர் பெயர் பரமேஸ்வரி. செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் லைன் லீடர். கையுறையின் பிசுபிசுப்புப் போகக் குளோரின் தண்ணீரில் அலசும் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. குளோரின் கசிந்தால் எச்சரிக்கும் மஞ்சள் பெட்டிகளை அங்கே சோதனைக்காக மாட்டியிருந்தோம். பெட்டிக்குள் இருந்த சிப்பை வடிவமைத்தவள் நான்.

"நம்பர் ஏறிக்கிட்டே வரும் மேடம். நாப்பது, நாப்பத்தஞ்சு, நாப்பத்தொம்பது. அங்க வந்து நின்னுக்கும். மூக்கு எரியும், கண்ணுல தண்ணி வரும், பிள்ளைங்க இருமும், இது மட்டும் நாப்பத்தொம்பதிலயே கெடக்கும். அம்பத்திரண்டு வந்தாத்தானே அலாரம் அடிக்கும்? அது வரவே வராது. நான் லைன நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய ஓட்டிட்டேன். மேனேஜர் வந்து பாக்குறாரு, நாப்பத்தொம்பது. பெட்டியே அடிக்கல, நிறுத்துறதுக்கு நீ யாருங்குறாரு."

"எத்தன தடவ ஆச்சு?"

"ரெண்டு தடவ. ரெண்டு லெட்டர். மூணாவது வந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"எப்பவும் நாப்பத்தொம்பதுதானா? நாப்பத்தெட்டு, அம்பது, அப்படி இல்லியா?"

"எனக்கு எண்ணத் தெரியும் மேடம்."

அந்தப் பதில் என் முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஆனால் அதைவிட அந்த எண் என்னை உறுத்தியது. சென்சார் பழுதானால் எண் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். நூறு வரை காட்டும் பெட்டியில் சரியாகப் பாதிக்குக் கீழே வந்து நிற்கிறதென்றால், கோளாறு சென்சாரில் இல்லை, என் சிப்பில்.

2. பாதி எடை, கால் எடை

இதை இளைய எஞ்சினியர்களுக்காக எழுதுகிறேன் என்றாலும், இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கும் புரியவேண்டும். அதனால் கொஞ்சம் விளக்கம்.

வாயு கூடக்கூட சென்சார் தரும் மின்னழுத்தமும் கூடும். அது மெல்ல வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். இடையில் படிகள் கிடையாது. அதற்கு அனலாக் என்று பெயர். திரைக்கும் அலாரத்துக்கும் வேண்டியது எண். வழுக்கி ஏறுவதைப் படிப்படியான எண்ணாக மாற்றும் சர்க்யூட்டை ஏ.டி.சி. என்போம். முப்பது ஆண்டுகள் என் வேலை அதுதான்.

எங்கள் ஏ.டி.சி. தராசைப் போல வேலை செய்தது. தெரியாத பொருள் ஒரு தட்டில். மறு தட்டில் முதலில் மொத்த அளவில் பாதி எடையைப் போட்டுப் பார்க்கும். பொருள் அதைவிடக் கனமா? ஆமென்றால் எடை அங்கேயே இருக்கும், இல்லையென்றால் எடுத்துவிடும். அடுத்துக் கால் எடை, அடுத்து அரைக்கால். இப்படிப் பன்னிரண்டு தடவை. இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் பல ஆயிரம் முறை நடந்து முடியும்.

முதல் எடைதான் பெரிய எடை. அதைப் போட்டவுடன் தராசு ஆடும். ஆட்டம் அடங்குவதற்குள் முள்ளைப் பார்த்தால் தவறாகத்தான் படிப்போம். பொருள் பாதியைத் தாண்டியிருந்தாலும், தாண்டவில்லை என்று முடிவு செய்துவிட்டால், மிச்சம் எல்லாச் சின்ன எடைகளையும் போட்டும் பாதிக்கு ஒரு படி கீழேதான் நிற்கும். நூறில் நாற்பத்தொன்பது.

பரமேஸ்வரி தொலைபேசியில் சொன்னது இதைத்தான். தராசு என்ற சொல்லை மட்டும் அவர் பயன்படுத்தவில்லை.

3. மதியத்துக்குப் பிறகு

எங்கள் எஞ்சினியரிங் மேனேஜர் சிவநேசன். அலோர் ஸ்டாரில் பெரிய துணிக்கடை வைத்திருந்த குடும்பம். நல்ல படிப்பு, நல்ல பேச்சு. மூடும் நிலையில் இருந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். அதை நான் மறுக்கமாட்டேன். அந்தக் கையுறைத் தொழிற்சாலையின் ஆர்டரை ஒரு வருடம் அலைந்து கொண்டுவந்ததும் அவர்தான். சோதனை முடிந்து டிசைனர் கையெழுத்துப் போட்டால் ஆர்டர் உறுதியாகும். டிசைனர் நான்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"மூக்கெல்லாம் ஒரு இன்ஸ்ட்ருமென்ட்டா தவமணி? டெஸ்ட் ரிப்போர்ட் நீங்கதானே குடுத்தீங்க? எல்லாம் பாஸ்."

"இங்க பாஸ் ஆச்சு பாஸ். அங்க போய்ப் பாத்துட்டு வரேன்."

"எதுக்கு? கஸ்டமர் அஃபீஷியலா கம்ப்ளைன் பண்ணட்டும், அப்பறம் பாக்கலாம்லா."

மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு என் காடியை, அதாவது காரை, செமிலிங்குக்கு விட்டேன். கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெட்டியைச் சோதிக்க வந்திருப்பதாக வாசல் காவலாளியிடம் சொன்னேன். அது பொய்யில்லை. யார் அனுப்பினார்கள் என்று அவர் கேட்கவில்லை.

பரமேஸ்வரிக்கு நாற்பது வயது இருக்கும். முழங்கை வரை ரப்பர் உறை, நெற்றியில் வியர்வையில் கரைந்த விபூதி. அவரோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் நேப்பாளத்துப் பெண்கள். அவர் கையைத் தூக்கினால் எல்லாரும் வெளியே ஓடும்படி பழக்கி வைத்திருந்தார்.

"வருவீங்கன்னு நெனக்கல மேடம்."

"அக்கான்னே கூப்புடுங்க. எங்க இருக்கு பெட்டி?"

தகரக் கூரைக்குக் கீழே, சுழலும் டிரம்களுக்கு மேலே சுவரில் இருந்தது. ஏணியில் ஏறி உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன். அவ்வளவு சூடு. எங்கள் லேபில் ஏர்கான் குளிருக்கு நாங்கள் சுவெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்வோம். அங்கே பாஸ் ஆன பெட்டி இது.

பரமேஸ்வரி அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினார். எண் நின்ற நாள், நேரம், எத்தனை பேர் இருமினார்கள் என்று பேனாவால் எழுதியிருந்தார். அலாரம் அடித்த நாட்களும் அதில் இருந்தன. அப்போதெல்லாம் எண் நாற்பத்தொன்பதிலிருந்து ஒரே தாவலாக ஐம்பத்தேழுக்குப் போயிருந்தது.

"ஒண்ணு கவனிச்சீங்களாக்கா? காலைல இது ஒழுங்கா இருக்கு. மதியம் சாப்பாட்டுக்குப் பொறகுதான் இந்தக் கூத்து. மேனேஜர்கிட்ட சொன்னேன். மதியம் உனக்குத் தூக்கம் வருது, அதான் வேலைய நிறுத்துறங்குறாரு."

என்னிடம் அலைக்காட்டி இருந்தது, சிமுலேஷன் மென்பொருள் இருந்தது, முதுகலைப் பட்டம் இருந்தது. கோளாறு எந்த எண்ணில், எந்த நேரத்தில் என்று கண்டுபிடித்தது அந்த அட்டைத்துண்டு. மீதிக்கு ஏன் என்ற கேள்விதான் இருந்தது.

4. ஹேர் டிரையர்

லேபில் ஒரு பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். சென்சாருக்குப் பதிலாக, மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றும் கருவியைப் பொருத்தினேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று. குறையே இல்லை. பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரைச் சிப்பின் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பது. நாற்பத்தொன்பது. கருவியில் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது, திரையில் எண் அசையவில்லை. பிறகு ஐம்பத்தேழு, கூடவே அலாரம். பக்கத்து மேசைக்காரர்கள் துள்ளி எழுந்தார்கள்.

அலைக்காட்டியில் பார்த்தபோது காரணம் படமாகவே தெரிந்தது. தராசின் எடைகளுக்கெல்லாம் ஆதாரமான மின்னழுத்தத்தை ரெஃபரன்ஸ் என்போம். பெரிய எடையைப் போடும்போது அந்த ரெஃபரன்ஸ் ஆடியது. குளிரில் சட்டென்று அடங்கியது. சூட்டில் அடங்கவில்லை. அது அடங்குவதற்கு முன்னால் என் சர்க்யூட் முடிவெடுத்துவிட்டது.

யார் தவறு என்று கேட்டால், என் தவறுதான். சூட்டில் சிப் எப்படி நடக்கும் என்று சிமுலேஷன் ஓட்டியிருந்தேன். பலகையில் பக்கத்தில் இருந்து ரெஃபரன்ஸை ஆடாமல் பிடிக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகமும் சூட்டில் மாறும் என்பதைச் சேர்க்க மறந்திருந்தேன். அன்று கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழவில்லை. என் சர்க்யூட் ஒருத்திக்கு எதிராக இரண்டு முறை சாட்சி சொல்லியிருக்கிறது என்ற நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

வழி இருந்தது. முடிவெடுக்கும் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்தால், ஆட்டம் அடங்கிய பிறகு முள்ளைப் பார்க்கலாம். மென்பொருளில் ஒரே ஒரு மாற்றம். பண்ணிப் பார்த்தேன். ஹேர் டிரையர் சூட்டிலும் எண் ஒழுங்காக ஏறியது.

5. கையெழுத்து

சிவநேசன் எல்லாவற்றையும் பார்த்தார். முகம் மாறியது. முட்டாள் இல்லை அவர். ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"சரி, இது உண்மைதான். ஆனா ஸ்பீட கால்வாசியாக்குனா டேட்டாஷீட்ல என்ன போடுறது? ஸ்பீடுதான் நம்ம செல்லிங் பாயின்ட்."

"கேஸ் பரவுறதுக்கு நிமிஷக்கணக்குல ஆவுது பாஸ். நம்ம பெட்டி ஒரு செகண்டுக்குள்ள லட்சம் தடவ அளந்து யாருக்கு என்ன?"

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். வாங்குறவனுக்கு நம்பர் வேணும்." நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "இப்ப சைன் பண்ணுங்க. ஆர்டர் கைக்கு வரட்டும். மூணு மாசத்துல அடுத்த ரிவிஷன்ல நானே திருத்தச் சொல்றேன். ஆஃபீஸ்ல இருக்குற எல்லாரு வேலையும் இதுலதான் இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும். அந்த மூணு மாசம் மதியத்துல அங்க நிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"அதான் மூக்கு இருக்கே அவங்களுக்கு."

இதைச் சொன்னதும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் சொன்னது சொன்னதுதான். படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"நான் சைன் பண்ண மாட்டேன் பாஸ்."

"எஸ்டேட் யூனியன் மீட்டிங்னு நெனச்சுக்கிட்டீங்களா இத?"

நான் பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளி மகளாகப் பிறந்தவள் என்பது அவருக்குத் தெரியும். ஏதாவது தகராறு என்றால் அதை எடுத்து வீசுவார். பல வருடங்கள் கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்குப் போகவில்லை.

"எங்கப்பா யூனியன் மீட்டிங்குக்குப் போனவருதான் பாஸ். அங்கயும் படிச்சுப் பாக்காம யாரும் கையெழுத்துப் போட்டதில்ல."

படிவத்தைத் திரும்ப எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், "சூட்டில் நாற்பத்தொன்பதில் நிற்கிறது. அனுப்பக்கூடாது" என்று எழுதினேன். பேனாவால் எழுதியதை அழிக்க முடியாது. அதற்காகத்தான் பேனாவால் எழுதினேன்.

6. அழைக்காத கூட்டம்

அந்த வாரக் கடைசியில் தொழிற்சாலையிலிருந்து உற்பத்தி மேனேஜர் வந்தார். பெயர் ஹாஃபிஸ்; மலாய் வழக்கப்படி மரியாதையாக என்சிக் ஹாஃபிஸ் என்போம். பரமேஸ்வரிக்கு இரண்டு கடிதங்களையும் கொடுத்தவர் இவரேதான். கூட்டத்துக்கு நான் வரவேண்டாம் என்று சிவநேசன் காலையிலேயே சொல்லிவிட்டார். வேறொருவரைக் கையெழுத்துப் போடவைக்கப் புதுப் படிவம் தயாராகியிருந்தது.

டீ கொண்டுபோகும் டிராலியைப் பேன்ட்ரியிலிருந்து கடன் வாங்கினேன். அதில் பெட்டி, கருவி, ஹேர் டிரையர். கதவைத் தட்டிவிட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

"தவமணி, இப்ப வேணாம்," என்றார் சிவநேசன் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அஞ்சு நிமிஷம் பாஸ்."

என்சிக் ஹாஃபிஸ் மரியாதைக்காகப் புன்னகைத்தார். டீ வருகிறதென்று நினைத்திருக்கலாம். ஹேர் டிரையரைப் போட்டேன். அந்த இரைச்சலில் யாரும் எதுவும் பேச முடியவில்லை. அதுவும் எனக்குச் சாதகம்தான். எண் ஏறியது. நாற்பத்தொன்பதில் நின்றது. கருவியின் முள் ஏறிக்கொண்டிருப்பதை விரலால் சுட்டிக் காட்டினேன். அவர் புன்னகை போய்விட்டது.

"கெனாப்பா பெர்ஹெந்தி?" என்றார். ஏன் நின்றுவிட்டது?

மலாயில் சொன்னேன்: என் டிசைனில் பிழை இருக்கிறது. உங்கள் கூரைக்கடியில் மதியச் சூட்டில் இந்தப் பெட்டி அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காது.

"எவ்வளவு நேரம் அடிக்காது?"

"கசிவு எவ்வளவு மெதுவானதோ, அவ்வளவு நேரம். ஒரு ஷிஃப்ட் முழுக்கக்கூட."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். எண் எங்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகு உடனடி வழி சுலபம்: அலாரம் அளவை நாற்பத்தைந்துக்கு இறக்கினால், நிற்பதற்கு முன்னாலேயே அடித்துவிடும். அதைச் சொன்னேன். அன்றே எல்லாப் பெட்டியிலும் மாற்றச் சொன்னார். வேகத்தைக் குறைத்தால் நிரந்தரமாகச் சரியாகும் என்று சிவநேசன் இடையில் புகுந்து விளக்கினார், அவரே கண்டுபிடித்தது போல. சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறு வேலை இருந்தது.

"இன்னொரு விஷயம், என்சிக். உங்கள் லைன் லீடர் பரமேஸ்வரிக்கு இரண்டு கடிதம் கொடுத்திருக்கிறீர்கள்."

"அது எங்கள் உள் விவகாரம்."

"கடிதத்தில் என் பெட்டி காட்டிய எண்ணை ஆதாரமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் தவறு. அவர் சொன்னது சரி. அதை நான் எழுதித் தருகிறேன்."

"லெட்டர்ஹெட்ல எழுதக்கூடாது!" சிவநேசன் தமிழில் சீறினார். "கம்பெனி தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா!"

சரி என்று பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினேன். மலாயில் ஆறு வரி. வடிவமைத்தவள் நான், இன்ன சூட்டில் இன்ன எண்ணில் நிற்கும், அதைக் கண்டு சொன்னவர் இன்னார். கீழே முழுப் பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. அந்த வாரம் நான் மனமொப்பிப் போட்ட ஒரே கையெழுத்து அது. ஒன்றை அவரிடம் கொடுத்தேன். நகலைப் பரமேஸ்வரிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

7. இரண்டுக்கும் தனித்தனியாக

அத்தோடு தொழிற்சாலையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மனிதவள அதிகாரி பரமேஸ்வரியைக் கூப்பிட்டு, இனிமேல் அந்தக் கடிதங்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஃபைலில் கிடக்கட்டும், மறந்துவிடுங்கள் என்று சொன்னாராம்.

"நான் மறக்கலாம்மா. ஃபைலு மறக்குமா?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

மறுநாளிலிருந்து பரமேஸ்வரி மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த அலுவலக வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சோற்று டப்பா மடியில், என் கடிதத்தின் நகல் கையில். சத்தம் போடவில்லை, யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. மணி அடித்ததும் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். இரண்டாம் நாள் ஒரு நேப்பாளப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பெஞ்சில் இடமில்லை. மிச்சப் பேர் சுவரோரம் நின்று சாப்பிட்டார்கள்.

அன்று மாலை எனக்குப் போன் வந்தது.

"அக்கா, கேன்சல்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரே தாள்ல சேத்து எழுதுனாங்க. ரெண்டு லெட்டர் குடுத்தீங்களே, ரெண்டுக்கும் தனித்தனியாக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன்."

காடிக்குள் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

8. பிறகு நடந்தது

எங்கள் ஆர்டர் போய்விடவில்லை. வேகம் குறைந்த பெட்டிகளையே அவர்கள் வாங்கினார்கள். யாருடைய வேலையும் போகவில்லை, என்னுடையதைத் தவிர. அதுவும் முழுசாகப் போகவில்லை. டிசைன் லீட் பதவியை என்னைவிடப் பத்து வருடம் இளையவருக்குக் கொடுத்தார்கள். என்னை டெஸ்ட் பிரிவுக்கு மாற்றினார்கள். எங்கள் துறையில் டிசைனிலிருந்து டெஸ்டுக்கு அனுப்புவதென்றால் அடுப்படியிலிருந்து பாத்திரம் கழுவ அனுப்புவது போல. மூலைக்குத் தள்ளியாகிவிட்டது, இனிமேல் சத்தம் வராது என்று சிவநேசன் நினைத்தார்.

அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. டெஸ்ட் பிரிவு 'பாஸ்' என்று எழுதாமல் எந்த டிசைனும் வெளியே போக முடியாது. முன்பு என் ஒரு டிசைனுக்குத்தான் நான் மாட்டேன் என்று சொல்ல முடிந்தது. இப்போது எல்லா டிசைனுக்கும் சொல்லலாம். சூடான அடுப்புப் பெட்டிக்குள் வைத்து எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்காமல் எதையும் விடுவதில்லை என்று சட்டம் போட்டேன். டிசைன்காரர்கள் முனகினார்கள். முதல் வருடத்திலேயே மூன்று சிப்புகள் சூட்டில் உளறின. அதன்பிறகு முனகல் குறைந்தது. ஓய்வு பெறும்வரை எட்டு வருடங்கள் அங்கேயே இருந்தேன். திரும்ப டிசைனுக்கு வருகிறீர்களா என்று ஒருமுறை கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவுதான். நீங்கள் செய்யும் சர்க்யூட் எங்கே தொங்குகிறதோ, அங்கே போய் அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். அதன் கீழே நின்று வேலை செய்பவர் ஏதாவது சொன்னால், உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவதற்கு முன் காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் தவறு என்று தெரிந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்; அதன்பிறகு உங்களைப் பயமுறுத்த யாரிடமும் எதுவும் மிச்சமிருக்காது.

வேலையின் கடைசி நாளில் ஒரு படிவம் கொடுத்தார்கள். போகிறவர்கள் எல்லாரும் நிரப்ப வேண்டும். கடைசிக் கேள்வி: பணிக்காலத்தில் மேலதிகாரிகளின் முடிவுகளுக்கு எப்போதும் ஒத்துழைத்தீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எதிரே உட்கார்ந்திருந்த பெண், "எல்லாரும் ஆம் போட்டுட்டுப் போயிருவாங்க அக்கா, சும்மா ஃபார்மாலிட்டிதான்," என்றாள்.

'இல்லை'யில் அழுத்தமாக ஒரு கோடு போட்டேன். விளக்கத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். போதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்திலும் எழுதினேன்.